கேட்பாரற்ற சைக்கிள்கள்

வரலாறு என்ற சொல்லைக் கேட்டதும் நம் உள்ளத்தில் தோன்றுபவை முடிசூடிய மன்னர்களும், அவர்கள் நடத்திய போர்களும், எழுப்பிய கோயில்களும் கோட்டைகளுமே. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நின்று வரலாறு கற்பித்தவன் நான். மன்னர்களையும் போர்களையும் பற்றி மாணவர்களுக்கு நிரம்பச் சொல்லியிருக்கிறேன். ஆயினும், மக்கள் நெருங்கி வாழும் நகரங்களில் ஒருவர்க்கொருவர் இடம் விட்டு வாழக் கற்றுக்கொண்ட கதையும் வரலாறேயாகும். அக்கதை பல வேளைகளில் மிகச் சிறிய பொருள்களில் அடங்கிக் கிடக்கிறது. இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட பொருளும் அத்தகையதே. நகரத் தெருக்களில் கேட்பாரற்றுக் கிடக்கும் சைக்கிள்களைப் பற்றிப் பேசப்போகிறேன்.

தெருவோரத்தில் ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. நேற்றும் அது அங்கேயே நின்றது. சென்ற வாரமும் அங்கேயே நின்றது. சக்கரத்தில் காற்று இல்லை, சங்கிலி துருவேறிவிட்டது. வழிநடப்போர் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அதை அப்புறப்படுத்தலாமா என்று கேட்டால், "தாராளமாகச் செய்யலாம்" என்று உடனே விடை சொல்லத் தோன்றும். ஆனால் அது யாருடையது? உரியவன் அதனை வேண்டாம் என்று விட்டுப் போனானா? நோயுற்று மருத்துவமனையில் கிடக்கிறானா? அல்லது திருடன் ஒருவன் அதனைக் களவாடி வந்து, தன் வேலை முடிந்ததும் இங்கே போட்டுவிட்டுப் போனானா? சைக்கிளைப் பார்த்த மாத்திரத்தில் இக்கேள்விகளுக்கு விடை கிடைப்பதில்லை. தெரு எல்லோருக்கும் பொது. சைக்கிளோ ஒருவனுடைய உடைமை. பொதுவுரிமையும் தனியுரிமையும் மோதிக்கொள்ளும் இடத்தில், உடைமைக்காரன் நேரில் நின்று பேச முடியாதபோது, நகரம் என்ன செய்ய வேண்டும்? இக்கேள்வியை மிகப் பெரிய அளவில் எதிர்கொண்டு, பல ஆண்டுகள் முயன்று, ஓரளவு நல்ல விடை கண்ட நாடு ஜப்பான். ஆகவே அந்நாட்டுக் கதையை முதலில் காண்போம்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய நகரங்கள் பல எரிந்து சாம்பலாயின. போர் முடிந்து இருபது ஆண்டுகளுக்குள் அவை மீண்டும் தழைத்தன. வேலை தேடி டோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் மக்கள் திரள் திரளாக வந்தார்கள். நகரத்தின் நடுவில் வீட்டு நிலத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. எனவே அவர்கள் புறநகர்களில் குடியேறினார்கள். டோக்கியோவுக்கு மேற்கே குன்றுப் பகுதியில் அமைக்கப்பட்ட தாமா என்னும் புதுநகரில் முதற் குடும்பங்கள் 1971-ஆம் ஆண்டில் குடிபுகுந்தன. இத்தகைய இடங்களிலிருந்து அலுவலகத்துக்குச் செல்ல ரயிலே துணை. வீட்டிலிருந்து ரயில் நிலையமோ ஒரு மைல், இரண்டு மைல் தொலைவில் இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தால் நேரம் வீணாகும். நடந்து சென்றால் ரயில் தவறிவிடும். 1973-ஆம் ஆண்டில் எண்ணெய் நெருக்கடி வேறு வந்து சேர்ந்தது. இந்நிலையில் மக்கள் கைக்கொண்ட எளிய வழி சைக்கிள். காலையில் நிலையம் வரை சைக்கிளில் வந்து, அதனை வாயிலருகே நிறுத்திப் பூட்டிவிட்டு, ரயில் ஏறிச் சென்றார்கள். மாலையில் திரும்பி வந்து, அதே சைக்கிளில் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

இதில் குற்றம் என்ன என்று கேட்கலாம். ஒருவர் செய்தால் குற்றமில்லை. பத்துப் பேர் செய்தாலும் தெரு தாங்கும். ஆயிரக்கணக்கானோர் ஒரே வாயிலில் வந்து நிறுத்தினால் என்ன ஆகும்? நடைபாதை மறைந்தது, கடைகளின் வாயில் அடைபட்டது, தீயணைப்பு வண்டி நுழைய வழியில்லாமற் போயிற்று. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் கால் வைக்க இடமின்றிச் சாலையில் இறங்கி நடந்தார்கள். வரிசை வரிசையாக வெள்ளிபோல் மின்னிய சக்கரங்களைக் கண்டு, 'வெள்ளிச் சக்கரக் கேடு' என்ற பொருளில் ஜப்பானியர் இதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டனர். ஆலைப் புகைக்கும் ஆற்று நஞ்சுக்கும் வழங்கிய 'கேடு' என்ற சொல், புகையே கக்காத சைக்கிளுக்கும் வழங்கலாயிற்று. இதனை நாம் கவனிக்க வேண்டும். ஒரு பொருள் தன்னளவில் நல்லதாயிருந்தாலும், அதற்குரிய இடத்தை ஏற்பாடு செய்யாமல் பெருக விட்டால் அது தொல்லையாகிவிடுகிறது.

இத்தொல்லை எல்லோரையும் ஒரே அளவில் தாக்கவில்லை. கண்ணும் காலும் நன்றாயிருப்பவர் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். கண்ணற்றவர் என் செய்வார்? ஜப்பானில் ஒகயாமா என்னும் நகரில் சேயிச்சி மியாகே என்பவர், பார்வையற்றோர் காலால் தடவி வழி அறியும்படி, புடைப்புகள் கொண்ட தரைக் கற்களைக் கண்டுபிடித்தார். அந்நகரில் உள்ள பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே, 1967-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள், அக்கற்கள் முதன்முதலாகத் தெருவில் பதிக்கப்பட்டன. இன்று நம் ரயில் நிலைய மேடைகளில் மஞ்சள் நிறத்தில் காணும் புடைப்புக் கற்களுக்கு அவையே மூதாதையர். ஜப்பானிய நகரங்களில் அக்கற்கள் பரவிய அதே ஆண்டுகளில்தான் சைக்கிள்களும் நிலைய வாயில்களில் பெருகின. கண்ணற்றவர் நம்பி நடக்கும் மஞ்சட் பாதையின் மேலேயே சைக்கிள்கள் நிறுத்தப்பட்டன. கைக்கோலை ஊன்றி, காலால் தடவி, வழி இதுவே என்று நம்பி முன்னேறுபவர், எதிரே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கைப்பிடியில் மோதிக்கொண்டார். தெருவில் கிடக்கும் சைக்கிள் வெறும் அழகுக் குறை அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எளியவர் ஒருவரின் நடக்கும் உரிமையையே அது பறிக்கிறது.

1980-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜப்பானியப் பாராளுமன்றம் இதற்கென ஒரு தனிச் சட்டம் இயற்றிற்று. சைக்கிள்களைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதும், அவற்றுக்கு நிறுத்துமிடம் அமைப்பதும் அதன் நோக்கங்கள். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தது. அதே 1981-இல் அரசாங்கம் எடுத்த கணக்கின்படி, நாடெங்கும் ரயில் நிலையங்களைச் சுற்றிக் கண்டபடி விடப்பட்டிருந்த சைக்கிள்கள் ஏறத்தாழ 9 இலட்சத்து 88 ஆயிரம். பத்து இலட்சத்துக்குச் சற்றே குறைவு! அதற்கு முன்னும் பின்னும் அத்தொகை அவ்வளவு உயர்ந்ததில்லை.

அச்சட்டத்தில் 'விடப்பட்ட சைக்கிள்' என்பதற்குக் கூறப்பட்ட பொருள் ஊன்றி நோக்கத்தக்கது. உரியவன் வெறுத்து ஒதுக்கிய சைக்கிள் என்று சட்டம் சொல்லவில்லை. பழுதுற்றது என்றோ, பல நாள் கிடந்தது என்றோ சொல்லவில்லை. நிறுத்துமிடம் அல்லாத ஓர் இடத்தில் சைக்கிளை விட்டு, அதனைப் பயன்படுத்தியவர் நீங்கிச் சென்று, உடனே வந்து அதை நகர்த்த இயலாத நிலையில் இருந்தால், அது விடப்பட்ட சைக்கிள். புத்தம் புதியதாயினும் சரி, மாலையில் எடுத்துச் செல்லும் எண்ணத்தோடு நிறுத்தியதாயினும் சரி, இவ்விளக்கத்துள் அடங்கும். நம் தமிழில் 'கேட்பாரற்றது' என்று ஒரு சொல் உண்டு. 'வைத்துவிட்டுப் போனது' என்று வேறொரு வழக்கும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. ஜப்பானியச் சட்டம் இரண்டாவதையே எடுத்துக்கொண்டது. ஏன்? உரியவனின் மனத்தில் இருப்பதை அதிகாரி அறிய முடியாது. தெருவில் நிற்பதை அறிய முடியும். வழிநடப்பவனுக்கும் தடையாக இருப்பது உரியவனின் எண்ணம் அன்று, இரும்பும் சக்கரமுமே.

பொருளை இவ்வாறு விரிவாக வகுத்தமையால், அதற்கு ஈடாக உரியவனுக்குப் பாதுகாப்பும் தேவையாயிற்று. இங்கேதான் ஒரு சிக்கல் தோன்றியது. தெருவில் நிற்கும் சைக்கிளை வண்டியில் ஏற்றி நகராட்சிக் கிடங்குக்குக் கொண்டு செல்வது எளிது. அதன்பின் என்ன செய்வது? உரியவன் வந்து கேட்டால் கொடுத்துவிடலாம். வராவிட்டால்? பிறன் பொருளை விற்க நகராட்சிக்கு உரிமை உண்டா? 1980-ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் தெளிவாகச் சொல்லவில்லை. நகரங்கள் தத்தம் விதிகளைக் கொண்டு சமாளித்தன. கிடங்குகள் நிரம்பி வழிந்தன.

இச்சிக்கலை மாணவர்கள் நன்கு உணர, என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளியில் சைக்கிள் கொட்டகை ஒன்று இருந்தது. கோடை விடுமுறைக்குப் பள்ளியை மூடும்போது, ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று சைக்கிள்கள் அங்கே தங்கிவிடும். பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் கொட்டகையும் சுத்தமாகும், பள்ளிக்கும் நாலு காசு சேரும் என்று அன்பர்கள் யோசனை சொல்வார்கள். நான் அவற்றுக்கு எண் இட்டு, நிறமும் அடையாளமும் குறித்து, அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்து, காலாண்டுத் தேர்வு வரையில் காத்திருப்பது வழக்கம். ஓர் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாணவன் தன் தாயோடு வந்தான். மஞ்சட்காமாலை கண்டு, மாமன் ஊரிலேயே மாதக்கணக்கில் தங்கிவிட்டவன் அவன். நாள்தோறும் நாலு மைல் வந்து போவதற்கு அவனுக்கு இருந்த ஒரே துணை அந்தச் சைக்கிள். இரும்புக் கடைக்காரன் அதற்கு என்ன கொடுத்திருப்பான்? சில நூறு ரூபாய். அந்தப் பிள்ளைக்கோ அது படிப்பையே தாங்கி நின்றது. கேட்பவர் இன்னும் வரவில்லை என்பதனால், கேட்பவரே இல்லை என்று ஆகிவிடாது.

ஜப்பானியப் பாராளுமன்றமும் இவ்வுண்மையை மனத்திற்கொண்டே, 1993-ஆம் ஆண்டில் அச்சட்டத்தைத் திருத்தியது என்று கொள்ளலாம். திருத்தம் 1994-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அது வகுத்த முறை படிப்படியானது. முதலாவது, விடப்பட்ட சைக்கிளை நகராட்சித் தலைவர் அப்புறப்படுத்தலாம். இரண்டாவது, அதனைப் பத்திரமாகக் காத்து வைக்க வேண்டும். மூன்றாவது, எடுத்து வைத்திருக்கும் செய்தியைப் பொது அறிவிப்பாக வெளியிட வேண்டும்; உரியவன் இன்னார் என்று தெரிந்தால் அவனுக்கும் தெரிவிக்க முயல வேண்டும். நான்காவது, தக்க காலம் கடந்தும் எவரும் வாராமல், காத்து வைக்கும் செலவு பொருளின் மதிப்புக்குப் பொருந்தாததானால், அதனை விற்கலாம். ஆனால் விற்ற பணத்தை உரியவனுக்காகக் காத்து வைக்க வேண்டும். ஐந்தாவது, அறிவித்த நாளிலிருந்து ஆறு மாதம் கழிந்தும் திருப்பிக் கொடுக்க இயலாவிட்டால், அப்போதுதான் உடைமை நகராட்சியைச் சேரும். இவை எல்லாவற்றுக்கும் ஆன செலவை உரியவனிடம் வாங்கிக்கொள்ளவும் இடம் உண்டு.

உரியவன் இன்னார் என்று தெரிவதற்கும் அத்திருத்தமே வழி செய்தது. சைக்கிள் வைத்திருப்போர் அனைவரும் திருட்டுத் தடுப்புக்காக அதனைப் பதிவு செய்தல் வேண்டும் என்று விதித்தது. பதிவு செய்த சைக்கிளில் எண் பொறித்த சிறு சீட்டு ஒட்டப்படும். தெருவில் கிடக்கும் சைக்கிள் திருட்டுப் போனதா என்பதை அந்த எண்ணைக் கொண்டு போலீசார் அறியலாம். களவு கொடுத்தவரிடமே தண்டக் கட்டணம் வாங்குவது அநீதி அன்றோ? ஆகையால், சைக்கிள் அப்புறப்படுத்தப்படுவதற்கு முன்னரே திருட்டைப் பற்றிப் புகார் கொடுத்திருந்தால், பல நகரங்கள் கட்டணத்தைத் தள்ளிவிடுகின்றன.

சட்டம் சீரடைந்தது, ஆயினும் எடுத்துச் செல்வதனால் மட்டும் நோய் தீர்ந்துவிடவில்லை. காலையில் நூறு சைக்கிளை எடுத்துச் சென்றால், மறுநாள் காலையில் வேறு நூறு வந்து நின்றன. நிறுத்த இடமில்லாத ஊரில் நிறுத்தாதே என்று சொல்வது, கிணறு இல்லாத ஊரில் குளித்துவிட்டு வா என்பது போலாகும். எனவே நிறுத்துமிடம் அமைத்தே தீர வேண்டும். அதற்குச் செலவு செய்ய வேண்டியவர் யார்? ரயில் நிலையத்துக்கு வருபவர்களால் ஆதாயம் அடைவது ரயில்வே கம்பெனி. தெருவைச் சுத்தம் செய்யும் செலவோ நகராட்சியின் தலையில் விழுகிறது.

டோக்கியோவில் இக்கெபுக்குரோ என்ற பெரிய ரயில் நிலையம் உண்டு. உலகிலேயே மிகுந்த கூட்டமுள்ள நிலையங்களுள் அது ஒன்று. அது அமைந்துள்ள தொஷிமா வட்டாரத்துக்குத் தனி மன்றமும் தலைவரும் உண்டு. அம்மன்றம் 2003-ஆம் ஆண்டு டிசம்பரில் துணிவான விதி ஒன்றை நிறைவேற்றியது. தன் எல்லைக்குள் உள்ள நிலையங்களில் ரயில் ஏறுவோரின் தொகையைக் கணக்கிட்டு, அதற்கேற்ப ரயில்வே கம்பெனிகள் 'விடப்பட்ட சைக்கிள் வரி' செலுத்த வேண்டும் என்பதே அவ்விதி. கம்பெனிகள் கடுமையாக எதிர்த்தன. சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனவர் பயணி. வரி கட்ட வேண்டியவர் நாங்களா என்று கேட்டன. 2004-ஆம் ஆண்டில் மத்திய அமைச்சர் வரிக்கு இசைவு அளித்தார். அதன் பின்னர் இரு தரப்பினரும் பேசி, கம்பெனிகள் நிறுத்துமிடங்கள் அமைக்க ஒத்துழைக்கலாயின. 2006-ஆம் ஆண்டில், ஒரு யென் கூட வசூலிக்காமலே அவ்வரி நீக்கப்பட்டது. வசூலாகாத வரி எனினும் வீணான வரி என்று சொல்ல முடியாது. பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை அது ஊரறிய எழுப்பி, விடை வரும் வரையில் விலகாமல் நின்றது.

இடம் அமைப்பதிலும் ஜப்பானியர் தம் கைத்திறனைக் காட்டினர். டோக்கியோவின் எடொகாவா வட்டாரத்தில் கஸாய் ரயில் நிலையத்துக்கு முன்னால், 2008-ஆம் ஆண்டில், நிலத்துக்கு அடியில் 9,400 சைக்கிள்களுக்கு இடம் அமைத்தார்கள். அவற்றுள் பெரும்பகுதி, கிணறுபோல் ஆழமான உருளை அறைகளில் இயந்திரத்தால் அடுக்கி வைக்கப்படுகிறது. சைக்கிளை வாயிலில் நிறுத்தி விசையை அழுத்தினால், இயந்திரம் அதனைப் பற்றி உள்ளே கொண்டுபோய் உரிய தட்டில் வைக்கிறது. திரும்பக் கேட்டால் அரை நிமிடத்துக்குள் கொண்டு வந்து தருகிறது. மேலே நடைபாதை மனிதர்க்கே மீண்டது. இத்தகைய முயற்சிகள் நாடெங்கும் பெருகின. 1981-இல் பத்து இலட்சத்தை எட்டிய தொகை, 2013-ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1 இலட்சத்து 23 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. பிறகும் குறைந்துகொண்டே வந்தது. இதற்குச் செலவான காலம் ஒரு தலைமுறை.

ஆயினும் ஒரு புதுமை நிகழ்ந்தது. முற்காலத்தில் சைக்கிள் விலை மிகுந்த பொருள். காணாமற் போனால் உரியவன் ஓடி வருவான். பிற்காலத்தில் வெளிநாட்டிலிருந்து மலிவான சைக்கிள்கள் வந்து குவிந்தன. கிடங்கிலிருந்து மீட்கச் சில ஆயிரம் யென் கட்ட வேண்டும். இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதிதே வாங்கிவிடலாம். ஆகவே பலர் தம் சைக்கிளைத் தேடி வருவதையே விட்டுவிட்டார்கள். பொருள் மலிந்தால் பற்றும் மலிந்துவிடுகிறது. இவ்வாறு உரியவர் வாராத சைக்கிள்களில் நல்லவற்றைத் தெரிந்து, பழுது பார்த்து, வளரும் நாடுகளுக்கு அனுப்பும் பணியைச் சில ஜப்பானிய நகரங்கள் 1980-களின் இறுதியில் தொடங்கின. கிராமந்தோறும் செல்லும் மருத்துவச்சிகளும் சுகாதாரப் பணியாளர்களும் அவற்றில் ஏறிச் சென்றார்கள். டோக்கியோவில் வேண்டாப் பொருளாய்க் கிடந்தது, வேறொரு நாட்டில் பிரசவ வீட்டுக்கு விரைந்து செல்லும் வாகனமாயிற்று.

இனி, சைக்கிளின் நாடு என்றே புகழ்பெற்ற நெதர்லாந்தைச் சிறிது பார்ப்போம். அங்கே மக்கள் தொகையைவிடச் சைக்கிள்களின் தொகை மிகுதி. தெருவில் நெடுங்காலம் கிடக்கும் சைக்கிளை அந்நாட்டார் 'அநாதைச் சைக்கிள்' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். அதிகாரிகள் அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். குறித்த காலத்துக்குப் பின்னும் சீட்டு கிழியாமல் இருந்தால், தொட்டு எடுப்பார் இல்லை என்று தெளிந்து, கிடங்குக்குக் கொண்டு செல்வார்கள். ஆம்ஸ்டர்டாம் நகரின் கால்வாய்களிலிருந்து மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12,000 முதல் 15,000 வரையில் சைக்கிள்கள் படகில் பொருத்திய இயந்திரக் கையால் வாரி எடுக்கப்படுகின்றன. உத்ரெக்ட் நகரில் ரயில் நிலையத்தின் அடியில் 12,500 சைக்கிள்கள் நிற்கும் மாளிகை ஒன்று 2019-ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. அங்கே முதல் 24 மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் உண்டு. நாள்தோறும் வந்து போவோர்க்கு இலவசம், போட்டுவிட்டுப் போவோர்க்குச் செலவு என்னும் இந்த ஏற்பாடு, அதட்டாமலே ஒழுங்கைக் கற்பிக்கிறது.

அந்த ஆம்ஸ்டர்டாமில்தான் 1965-ஆம் ஆண்டில் புரோவோ என்ற இளைஞர் இயக்கத்தார் ஒரு புதுமை செய்தார்கள். சைக்கிள்களுக்கு வெள்ளை வண்ணம் பூசி, பூட்டாமல் தெருவில் விட்டார்கள். எவரும் எடுக்கலாம், ஏறிச் செல்லலாம், வேண்டிய இடத்தில் விட்டுவிடலாம். எல்லோர்க்கும் பொதுவுடைமை என்றார்கள். லூட் ஸ்கிமல்பென்னிங்க் என்பவர் வகுத்த திட்டம் அது. போலீசார் அந்தச் சைக்கிள்களைப் பறித்துக்கொண்டார்கள். பூட்டாத சைக்கிளைத் தெருவில் விடுவது விதிக்கு மாறு, திருட்டுக்குத் தூண்டுகோல் என்பது அவர்கள் சொன்ன காரணம். எல்லோர்க்கும் உரியது என்று இளைஞர்கள் சொன்னதை, எவர்க்கும் உரியதன்று என்று அதிகாரிகள் கண்டார்கள்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே கனவு சீனாவில் வேறு வடிவில் வந்தது. பீகிங் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் 2014-ஆம் ஆண்டில் தொடங்கிய ஓஃபோ என்னும் நிறுவனமும், மோபைக் முதலிய பிற நிறுவனங்களும், கைபேசியால் பூட்டுத் திறக்கும் வாடகைச் சைக்கிள்களைத் தெருவெங்கும் நிறுத்தின. எங்கும் எடுக்கலாம், எங்கும் விடலாம். போட்டி வளர்ந்தது. தேவையை நோக்காமல், ஒருவரை ஒருவர் முந்தும் நோக்கோடு சைக்கிள்களைக் கொண்டு வந்து கொட்டினார்கள். 2017-ஆம் ஆண்டு முடிவில் 77 நிறுவனங்கள், 2 கோடியே 30 இலட்சம் சைக்கிள்கள் என்று அரசாங்கம் கணக்குச் சொல்லிற்று. நடைபாதைகள் மறைந்தன. ஷாங்காய், பீகிங் முதலிய நகரங்கள் இனிப் புதுச் சைக்கிள் இறக்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டிலேயே தடை விதித்தன. நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. நகராட்சிகள் எடுத்துச் சென்ற சைக்கிள்கள் ஊர்ப்புறங்களில் மலைபோல் குவிந்து கிடந்த காட்சியை உலகமே படங்களில் கண்டு திகைத்தது. 2018-ஆம் ஆண்டின் இறுதியில், முன்பணத்தைத் திரும்பக் கேட்டு ஒரு கோடிக்கு மேற்பட்டோர் ஓஃபோ நிறுவனத்திடம் காத்து நின்றார்கள். ஒரு சைக்கிளின் உரியவன் வாராமற் போனது ஜப்பானியக் கதை. ஒரே உரியவனுக்கு இலட்சக்கணக்கான சைக்கிள்கள் இருந்தும், அவற்றுள் ஒன்றையேனும் தன்னுடையது என்று பேணுவார் இல்லாமற் போனது சீனக் கதை.

மாணவ மணிகளே! இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? தெருவில் கிடப்பதை அள்ளிக்கொண்டு போவது மட்டும் ஆட்சி ஆகாது; இடம் அமைத்துக் கொடுத்துவிட்டுக் கண்டும் காணாமல் இருப்பதும் ஆட்சி ஆகாது. இடமும் வேண்டும், விதியும் வேண்டும். விதியிலும், நேரில் வந்து பேச முடியாதவனுக்கு அறிவிப்பும் அவகாசமும் வேண்டும். அறிவித்தல், அப்புறப்படுத்தல், காத்து வைத்தல், காத்திருத்தல், அதன் பின்னரே தீர்த்தல் என்னும் இவ்வரிசை சைக்கிளுக்கு மட்டும் உரியதன்று. நீங்கள் நாளை அதிகாரிகளாகவும் நகர மன்ற உறுப்பினர்களாகவும் அமர்ந்து, எதிரே இல்லாத ஒருவருடைய பொருளைப் பற்றி முடிவு செய்ய நேரும்போதெல்லாம் இது துணை நிற்கும்.

நம் தமிழ்நாட்டில் அரசினர் பள்ளி மாணவர்க்கு விலையின்றிச் சைக்கிள் வழங்கும் திட்டம் 2001-2002-ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிப் பின்னர் விரிவடைந்தது. அச்சைக்கிளில் ஏறிப் படிக்க வந்த பெண்கள் பலர் இன்று பணியில் அமர்ந்திருக்கிறார்கள். அத்தகைய வாகனத்துக்கு நாம் செய்யும் மரியாதை, அதனைத் துடைத்து எண்ணெயிட்டு வைப்பதோடு முடிவதில்லை. அதனை எங்கே நிறுத்துகிறோம் என்பதும் அம்மரியாதையைச் சேர்ந்ததே. ரயில் நிலையத்திலோ, கடைத் தெருவிலோ உங்கள் சைக்கிளை நிறுத்தும்போது கீழே ஒருமுறை நோக்குங்கள். அங்கே புடைப்புள்ள மஞ்சட் கற்கள் இருந்தால், சற்று அப்பால் தள்ளி நிறுத்துங்கள். அவ்வழியே, உங்களைக் காண முடியாத ஒருவர், உங்களை நம்பி வந்துகொண்டிருக்கிறார்.